காய் வெந்த தண்ணீர்

அன்றைக்குக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் அறையில் இருந்தவர்கள் இவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். தடுப்புத் துணிக்கு அருகில் நர்சம்மா. முக்காலியில் நான். எனக்குப் பின்னால் என் மனைவி தனலட்சுமி. அவளை ஒட்டி என் தம்பி மனைவி அஞ்சலை. ஜன்னல் ஓரம் என் மச்சான் கோவிந்தசாமி, தனலட்சுமிக்கு நேர் தம்பி, பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தான். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என் தம்பி கலியபெருமாள்.

நோயாளி நான். இப்போது இல்லாதவன் கலியபெருமாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். சிதம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. எழுதிப் பழக்கமில்லை. என்னைப் போல் கிட்னி கெட்டவர்கள் இருக்கிற வீட்டில் இதைப் படித்தால் ஒரு காரியம் தெரிந்துகொள்ளலாம். அதற்காக எழுதுகிறேன்.

சைனா சண்டைக்கு மறு வருஷம் அது. வீசை போய்க் கிலோ வந்திருந்தது. ஜனங்கள் வீசையில் கேட்பார்கள். நாங்கள் கிலோவில் நிறுப்போம். கடை அப்பா வைத்தது. அவர் நாற்பது தாண்டிக் கொஞ்ச நாளில் முகமும் காலும் ஊதிச் செத்துப்போனார். சிலர் சோகை என்றார்கள். ஒருத்தர் செய்வினை என்றார். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள்.

கடையில் நான் நிறுப்பேன். கலியபெருமாள் கூவுவான். சத்து என்ற வார்த்தை இல்லாமல் அவன் ஒரு காயை விற்றதில்லை.

"வாங்கக்கா, முருங்கக்கீர, ரத்தம் ஊறும். வாழத்தண்டு, கல்லு கரையும். குடிகாட்டுக் கத்திரிக்கா, நேத்து செடியில இருந்துச்சு, இன்னைக்கு உங்க சட்டியில. அத்தினியும் சத்து, அத்தினியும் சத்து!"

சாயங்காலம் மீந்துபோன காய்தான் மறுநாள் எங்கள் வீட்டுச் சமையல். அழுகின பக்கத்தை நறுக்கிவிட்டு மீதியைப் போடுவோம். தோலைத் துவையல் அரைப்போம். காய் வெந்த தண்ணீரை ரசம் வைப்போம். காய்க்காரன் வீட்டில் காயைக் கொட்டினால் கடை விளங்காது என்று எங்கள் அம்மா சொல்லும். அம்மா போன பிறகும் அந்தப் பேச்சு வீட்டில் இருந்தது.

புரட்டாசியில் எனக்குச் சோறு கசந்தது. காலையில் எழுந்தால் குமட்டும். உடம்பெல்லாம் நமைச்சல். சாக்கின் மேல் உட்கார்ந்து எழுந்தால் சாக்கு நூல் காலில் பதிந்து, வெகு நேரம் மறையாது. விரலால் அமுக்கினால் குழி விழும். வெயிலில் நிற்பதால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் தராசுத் தட்டு இரண்டாகத் தெரிந்தது. கலியபெருமாள்தான் என்னைக் கீழவீதி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். அவர் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடியும் கட்டினார். பிறகு ஒரு சீட்டு எழுதி, "கடலூருக்குப் போ. இன்னைக்கே போ" என்றார்.

கடலூரில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். அங்கே காத்திருந்தவர்கள் எல்லார் கையிலும் மூத்திர பாட்டில் இருந்தது. மருந்து பாட்டில், சர்பத் பாட்டில், என்னென்னவோ பாட்டில். நான் வீட்டிலிருந்த நல்லெண்ணெய் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். பரிசோதனை அறைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னாய்யா இது, தாளிக்கவா கொண்டாந்த? எண்ணெ மெதக்குது. போயி நல்ல பாட்டில்ல புடிச்சிட்டு வா."

எனக்கு மூத்திரம் வருவதே கொஞ்சம். அதற்காக மத்தியானம் வரை காத்திருந்தோம்.

அவர் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்ததும் மேல் பக்கம் முட்டை வெள்ளைக்கரு போல் திரண்டது. நல்ல மூத்திரம் அப்படித் திரளாதாம். ரத்தத்தில் தங்கவேண்டிய சத்து, கிட்னி என்கிற வடிகட்டியின் ஓட்டை வழியாக இறங்கிவிடுகிறது, அதுதான் திரள்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரத்தமும் எடுத்தார்கள். யூரியா பார்க்க. யூரியா என்பது ரத்தத்தில் சேர்கிற கழிவு. கிட்னி வேலை செய்தால் வெளியே போய்விடும். செய்யாவிட்டால் ஏறும். எனக்கு ஏறியிருந்தது.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். அப்போது இருந்தவர்களைத்தான் முதலில் சொன்னேன்.

"ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டி. திராட்சக் கொத்து மாதிரி. பிறவியிலயே வர்றது. இத்தன நாள் தெரியாம வளந்திருக்கு" என்றார்.

"கிட்னின்னா குண்டிக்காயாங்க?" என்று கலியபெருமாள் கேட்டான்.

"அதேதான்."

"பாத்தியா அண்ணி. காய் விக்கிறவனுக்குக் காயிலயே வந்துடுச்சு."

"வாய மூடு தம்பி" என்றாள் தனலட்சுமி. நர்சம்மா சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோவிந்தசாமி மெதுவாகக் கேட்டான். "மாமா பொழச்சிக்குவாராங்க?"

"கெட்ட கிட்னி கெட்டதுதான். திரும்ப வராது. ரத்தத்த வெளியில எடுத்துக் கழுவி உள்ள விடுற மிஷின் சீமையில இருக்குது. நமக்கு அது இல்ல. மிச்சம் இருக்கிற கிட்னிய வச்சு ஓட்டணும். அது எத்தன காலம் ஓடும்ங்கிறது பாதி சாப்பாட்டுல இருக்குது."

பிறகு சாப்பாட்டைச் சொன்னார். உப்பு கூடாது. கறி, மீன், முட்டை, பருப்பு மிகக் கொஞ்சம். அதுவரை புரிந்தது. காய் என்றதும் எங்களுக்குப் புரியவில்லை. காய் நல்லது என்றுதான் நாங்கள் பிழைக்கிறோம்.

"வயலுக்குப் பொட்டாஷ் உரம் போடுறாங்களே, தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியுங்க" என்றான் கோவிந்தசாமி. அவனுக்குக் கரும்பு உண்டு.

"அந்தச் சரக்கு எல்லாக் காயிலயும் இருக்குது. மண்ணுல இருந்து செடி உறிஞ்சி வச்சிருக்கு. நாக்குக்குத் தெரியாத உப்புன்னு வச்சிக்குங்க. நல்ல ஒடம்புக்கு அது வேணும். ஜாஸ்தியா இருந்தா கிட்னி வெளிய தள்ளிடும். இவரு கிட்னி தள்ளாது. ரத்தத்துலயே நின்னுடும். நின்னுதுன்னா காலு கையி துவளும். அப்புறம் நெஞ்சு நின்னுடும். வலி தெரியாது, சத்தம் போடாது."

கீரை வேண்டாம் என்றார். முருங்கைக்கீரை வேண்டவே வேண்டாம். வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, சேம்பு, உருளை, சர்க்கரைவள்ளி, தக்காளி. இளநீர் தொடவே கூடாது. சுரை, புடலை, பீர்க்கு, கோசு கொஞ்சம் சாப்பிடலாம். அதையும் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட வேண்டும். காயில் இருக்கிற உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். வெறும் காய் மிஞ்சும்.

"ஐயா, எங்க கடையையே மூடச் சொல்றீங்களே" என்றான் கலியபெருமாள்.

"கடை நடக்கட்டும். அண்ணன் வாய மட்டும் மூடு."

அஞ்சலை மட்டும் ஒரு கேள்வி கேட்டது. "தண்ணியக் கட்டாயம் கொட்டணுங்களா?"

"கட்டாயம். அவரு வாயில ஒரு சொட்டு போவக் கூடாது."

அஞ்சலை தலையை ஆட்டியது. சொன்னது சொன்னபடி செய்கிற பெண். என் வாயில் ஒரு சொட்டு போகவில்லை.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது?" அப்பா ஊதிச் செத்ததைச் சொன்னேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"நீ கூடப் பொறந்த தம்பிதானே? நீயும் ஒரு பாட்டில்ல புடிச்சிக் குடுத்துட்டுப் போ. பாத்துடலாம்."

"எனக்கு என்னாங்க? உருளக்கிழங்கு மூட்டையத் தலையில தூக்கிட்டு ஓடுறேன்."

"மூட்ட தூக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா."

"சரிங்க. நாளைக்குக் குடுக்கிறேன்."

நாளைக்குக் கடை இருந்தது. அதற்கு மறுநாள் லோடு வந்தது. பிறகு மழை. நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பான். என் பேச்சை அவன் தட்டினதில்லை. நான் என் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை வார்டில் சேர்த்தார்கள். ஐப்பசி மழை. கூரையில் விழுகிற சத்தத்தில் பேசுவது கேட்காது. பக்கத்துக் கட்டிலில் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர். பினாங்கில் கடை வைத்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கும் கிட்னிதான். ஒருநாள் அவர் மகன் இளநீர் சீவிக் கொண்டுவந்தான். பாய் வாயில் வைக்கப் போனார். நர்சம்மா ஓடிவந்து பிடுங்கினார்.

"பாய், படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! இதுல அம்புட்டும் பொட்டாஷ்!"

"எளநியுமா ஹராம்? அல்லா மரத்துமேல வச்சி மூடி போட்டு அனுப்பினதும்மா அது."

"மூடிய நீங்க தொறக்கக் கூடாது."

பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க காய்கறி வியாபாரம். நான் மளிகை வியாபாரம். ஊருக்கெல்லாம் தின்னக் குடுத்தோம். நம்மள எதுவும் திங்காதங்கிறாங்க." அவர் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். பிறகு என்ன ஆனார் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் சோறு போட்டார்கள். ஆனால் எனக்கென்று தண்ணீர் வடித்த காய்க்கு அங்கே வழியில்லை. அஞ்சலையின் தாய் வீடு திருப்பாதிரிப்புலியூரில். தனலட்சுமி என்னோடு இருந்தாள். அஞ்சலை தாய் வீட்டில் தங்கிச் சமைத்து, தூக்குச்சட்டியில் வைத்துக் கெடிலம் பாலம் தாண்டி, ஆஸ்பத்திரி இருக்கிற மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே கொண்டுவரும். மழையில் முந்தானையைத் தூக்கின்மேல் போர்த்திக்கொண்டு, தான் நனைந்து வரும்.

அந்தக் காயில் ஒன்றும் இராது. உப்பு இல்லை. பருப்பு இல்லை. இரண்டு தண்ணீரில் வெந்து வெளிறின சுரைக்காய். ஈரத் துணியை மெல்லுவது போல் இருக்கும். தனலட்சுமி அதையேதான் தின்றாள். "எனக்குத் தனியா உப்புப் போட யாரு இருக்கா?" என்பாள். அஞ்சலை அவளுக்கென்று கொண்டுவந்த உப்புப் பொட்டலம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் இன்னும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள்.

மருந்து சிலது வெளியில் வாங்கவேண்டி வந்தது. கோவிந்தசாமி ஒரு மாட்டை விற்றான். மாடு முட்டுகிறது, அதனால் விற்றேன் என்று சொன்னான். அது முட்டாத மாடு. எனக்குத் தெரியும்.

கலியபெருமாள் பகலெல்லாம் சிதம்பரத்தில் கடையைப் பார்ப்பான். சாயங்கால ரயிலில் கடலூர் வருவான். மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் கட்டிலுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுப்பான். காலை முதல் ரயிலில் போய்விடுவான்.

அவன் அங்கே சாப்பிட்டது என்ன என்று அவனே வந்து சொல்வான். எனக்கு வடித்த காய்த்தண்ணீரை அஞ்சலை கொட்டவில்லை. அவருக்குத்தானே ஆகாது, மற்றவர்களுக்கு அது சத்துதானே என்று புளியும் மிளகும் உப்பும் போட்டு ரசம் வைத்தது. கொட்டினால் கடை விளங்காது. எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். தனலட்சுமியும் செய்திருப்பாள்.

"அண்ணன் சக்கையத் தின்னட்டும். சத்தெல்லாம் எனக்கு" என்பான் கலியபெருமாள். வயிற்றைத் தட்டிக் காட்டுவான்.

ஒருநாள் கோவிந்தசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "என்னா மாமா, பெரிய மாமா எளைக்க எளைக்க நீங்க பெருக்கிறீங்க? மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு."

"மாமியா வூட்டுச் சோறு மச்சான். உனக்கும் கல்யாணம் ஆவட்டும், அப்பத் தெரியும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கு முகம் ஊதினபோதும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலேயே கிடந்துகொண்டு அதை நான் பார்க்கவில்லை.

இரவில் அவன் அடிக்கடி எழுந்து வெளியே போவான். "என்னாடா இத்தன தடவ?" என்றால், "மழைக்கு அப்படித்தாண்ணே" என்பான். கிட்னி கெடும்போது அதுவும் ஒரு அடையாளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

கார்த்திகையில் என் வீக்கம் வடிந்தது. குமட்டல் நின்றது. யூரியா இறங்கினது. "முழுசா எறங்காது. இது போதும். இப்படியே வச்சிக்க" என்றார் டாக்டர். கலியபெருமாள் வண்டி பிடித்துக்கொண்டு வந்து என்னை ரயிலேற்றினான். என் பெட்டியையும் தூக்கினான். அப்போது மூச்சு வாங்கினான். படி ஏறினதால் என்று நினைத்தேன்.

மார்கழியில் திருவாதிரை. சிதம்பரத்தில் காய்க்கடைக்கு அதுதான் பெரிய நாள். தரிசனத்தன்று வீட்டுக்கு வீடு களி கிண்டுவார்கள். களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழு காய் போட்டுக் கூட்டு. பரங்கி, வாழைக்காய், சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, அவரை, மொச்சை. தேரன்று காலையிலிருந்து ஜனம் ஏழு வகையும் கேட்டு நெருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கடைக்கு வந்து தராசைப் பிடித்தேன். கலியபெருமாள் கூவினான். கொஞ்ச நேரத்தில் குரல் கம்மிப்போனது. மூட்டைமேல் உட்கார்ந்தான். வியாபார நேரத்தில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னாடா?"

"ஒண்ணும் இல்லண்ணே. தேர்க் கூட்டம். நீ நிறு."

மறுநாள் தரிசனம். தேரன்று ராத்திரியே களிக்கு அரிசி வறுக்கிற வாசனை வந்தது. எனக்கு ஆசை. "நாளும் கெழமையுமா, கூட்டுல ஒரு கரண்டி எனக்கும்" என்று வாய் விட்டேன்.

தனலட்சுமி அஞ்சலையைப் பார்த்தாள். அஞ்சலைதான் சொன்னது. "அக்கா, மாமாவுக்கு மட்டும் வடிச்சிக் குடுத்தா அவரு மூஞ்சி சுண்டிப்போவும். மொத்தக் காயையும் வடிச்சிடுவோம். எல்லாரும் ஒரே கூட்டாத் தின்னுவோம். ஒரு நாளைக்கு என்னா கொறஞ்சிபோவுது?"

அப்படியே செய்தார்கள். அன்று இரவே மொத்தக் காயையும் பொடியாக நறுக்கி ஊறப்போட்டார்கள். காலையில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தார்கள். எனக்கு ஒரே ஒரு கரண்டி. மற்றவர்களுக்கும் அதே வெளுத்த கூட்டு. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். நான் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏழு காய், ஒரு குடும்பத்துக்கு ஆன காய், அத்தனையின் தண்ணீரும் ஒரு குண்டானில் இருந்தது. அஞ்சலை அதை ரசம் வைத்தது. பிள்ளைகள் களி தின்றுவிட்டு எழுந்துபோனார்கள். ரசம் யாரும் தொடவில்லை. கலியபெருமாள் கடையை எடுத்துவைத்துவிட்டுக் கடைசியாக வந்தான். தாகம் என்றான். சோறு வேண்டாம் என்றான். செம்பை எடுத்துக் குண்டானில் முகந்தான்.

"ஏழு காயோட சத்து, அப்படியே எறங்குது பாரு" என்றான். மறுபடியும் முகந்தான். நான் கையைக் கழுவிவிட்டுப் படுக்கப் போனேன்.

விடிந்ததும் அஞ்சலை வந்து கூப்பிட்டது. கலியபெருமாள் பாயில் உட்கார்ந்திருந்தான். எழ முடியவில்லை.

"காலு துணியாட்டம் கெடக்குதுண்ணே. மரத்தும் போவல, வலியும் இல்ல. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி எனக்குப் பார்க்கத் தெரியாது. ஆனாலும் அது மெதுவாக, நின்று நின்று அடித்தது தெரிந்தது. டாக்டர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. காலு கையி துவளும் என்று சொன்னாரே. எனக்குச் சொன்னது அது.

வாடகைக் கார் பிடித்தோம். பின் சீட்டில் அவன் தலை என் மடியில். ஆலப்பாக்கம் தாண்டி, செம்மங்குப்பம் வரும்போது கண்ணைத் திறந்தான்.

"கடைய யாரு பாக்கிறது?"

"பூட்டிட்டு வந்தேன்."

"திருவாதர மறுநாள்ல யாராச்சும் பூட்டுவாங்களா? பரங்கி மீந்து கெடக்குது."

கடலூரில் அதே டாக்டர். அதே அறையில்லை, அவசர வார்டு. கலியபெருமாள் அவரைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினான். கை ஏறவில்லை.

"ஐயா, அந்த பாட்டில் இப்பக் குடுத்தா ஆவாதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்தினார். எனக்கு அழுத்தின அதே இடம். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோனது.

நெஞ்சில் கம்பி வைத்து ஒரு காகிதத்தில் கோடு எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் போடுகிற ஊசியை அதோடு சேர்த்துப் போட்டார்கள். ரத்தத்தில் நிற்கிற அந்தப் பொட்டாஷை அது கொஞ்ச நேரம் தசைக்குள் ஒதுக்கி வைக்குமாம். நிரந்தரமாக வெளியே தள்ளக் கிட்னிதான் வேண்டும். கிட்னி இல்லை.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார்.

"ரெண்டு நாளா என்னா சாப்பிட்டாரு?"

தனலட்சுமி களி என்றாள். கூட்டு என்றாள். வடித்ததுதான் என்றாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். நான் அஞ்சலையைப் பார்த்தேன். அது சுவரைப் பார்த்து நின்றது.

"வடிச்ச தண்ணிய ரசம் வச்சோங்க" என்று நான் சொன்னேன். "அவன்தான் குடிச்சான். நான் ஆஸ்பத்திரியில இருந்த நாள்லேருந்து அவன்தான் குடிக்கிறான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து எவ்ளோ குடிச்சாரு?"

அஞ்சலை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"எவ்ளோம்மா?"

 டாக்டர் மறுபடி கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பகல், வார்டில் சோற்று வண்டி வந்த நேரத்தில் கலியபெருமாள் போனான். வலி இல்லை. சத்தம் இல்லை. டாக்டர் சொன்னபடியே. முன்னால் என்னை ரயிலில் கூட்டிவந்தவனை வண்டியில் படுக்கவைத்துச் சிதம்பரம் கொண்டுபோனோம். கோவிந்தசாமி பெண்ணாடத்திலிருந்து நேரே சுடுகாட்டுக்கு வந்தான். மாமியா வூட்டுச் சோறு மச்சான் என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

காரியம் முடிந்து நான் டாக்டரிடம் போனேன். என் பிள்ளைகளையும் தம்பி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கையில் நன்றாகக் கழுவின பாட்டில்களோடு போனேன். குழாயைக் கொதிக்கவைத்தார்கள். ஒன்றிலும் வெள்ளை திரளவில்லை. "இப்ப இல்ல. அதனால பின்னால வராதுன்னு இல்ல. வருஷா வருஷம் கூட்டியா" என்றார் டாக்டர். கூட்டிப்போகிறேன்.

அந்தத் தண்ணீர்தான் தம்பியைக் கொன்றதா என்று கேட்டேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "உங்க வியாதிதான் அவருக்கும். உங்களவிட முத்திக் கெடந்திருக்கு. தண்ணி அவசரப்படுத்திடுச்சு. தெரிஞ்சிருந்தா உங்கள மாதிரி கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம். உங்க வாயில போவக் கூடாதுன்னு சொன்னேன். வேற யாரும் குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லலியே. நல்ல ஒடம்புக்கு அது நல்லதுதான். அவருக்கு நல்ல ஒடம்புன்னு எல்லாரும் நெனச்சிட்டோம்."

எல்லாரும் என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னார். பெரிய மனிதர்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது சின்னது. வீட்டில் ஒருவருக்குக் கிட்னியில் நீர்க்கட்டி என்றால், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் ஊதினால் சோறு சேர்ந்தது என்று சொல்லாதீர்கள். காயை வடிக்கச் சொன்னால் வடித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். யாருக்கு எது ஆகும் என்று பார்த்துத் தெரிகிற உடம்பு இல்லை இது. கொட்டினால் கடை விளங்காது என்பார்கள். கொட்டுங்கள்.

இப்போது கடையில் அஞ்சலை உட்காருகிறது. கூவுவதில்லை. கேட்டால் விலை சொல்லும். சத்து என்ற பேச்சு எங்கள் கடையில் இல்லை. வியாபாரம் முன்போல் இல்லை, ஆனாலும் நடக்கிறது. நான் நிறுக்கிறேன். என் யூரியா ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கூடப்பிறந்தவனுக்கு வராத நாட்கள் எனக்கு வருகின்றன.

என் காயை இன்னமும் அஞ்சலைதான் வடிக்கிறது. தனலட்சுமி எத்தனையோ தடவை, "நீ விடு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அது விடவில்லை. வடித்ததும் சட்டியோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாக்கடை ஓரம் கொட்டும். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடிக்கும். அந்த விஷயத்தை அதுவும் பேசினதில்லை, நாங்களும் பேசினதில்லை.

போன வாரம் நான் பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அஞ்சலை சட்டியைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றது. என் பக்கம் திரும்பவில்லை.

"மாமா."

"என்னாம்மா?"

"டாக்டரு அன்னைக்கு ஒண்ணு கேட்டாரே. எவ்ளோ குடிச்சாருன்னு. எனக்கு வாயி வரல."

 தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

"மூணு செம்பு."